தொடும் கடமையும் ஆராயும் கடமையும்

காட்டாங்குளத்தூருக்குத் தெற்கே, செங்கல்பட்டை அடுத்த திருமணியில் ஸ்காட்லாந்துத் திருச்சபையினர் நிறுவி, 1955இல் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை, நம்பிக்கையும் மருத்துவமும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ள இயலும் என்பதற்குச் சான்றாகும். ஊர் ஒதுக்கியவரைத் தேடிச்சென்று தொட வேண்டும் என்பது சமயம் இட்ட கடமை. ஆயினும் அந்நோயைப் பாவத்தின் தண்டனையாகக் கருதிய சமய மரபுகளும் உண்டு என்பதால், இரக்கத்துக்கு அறிவின் துணை வேண்டியிருந்தது.

இங்குப் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன், தொழுநோய்க் கிருமியை ஒடுக்கும் சல்போன் மருந்துகளை இந்தியாவில் முன்னதாகவே பயன்படுத்தியவர்களுள் ஒருவர். அவர் அழைப்பில் 1947இல் இங்கு வந்த வேலூர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, நரம்பு கெட்டு உணர்விழந்த உறுப்பு வலியறியாமல் மீண்டும் மீண்டும் காயமுறுவதே சிதைவுக்கு முதன்மைக் காரணம் என்று பின்னர் விளக்கியதோடு, தசைநாண் மாற்று அறுவையால், அதாவது இயங்கும் தசையின் நாணைச் செயலிழந்த விரலோடு இணைக்கும் முறையால், மடங்கிய கைகளை மீண்டும் உழைக்கச் செய்தார்.

யாரைக் கைவிடலாகாது என்பதை நம்பிக்கை உணர்த்த, அவருக்கு எது நன்மை என்பதை மருத்துவம் சோதித்தறிகிறது. அந்த நம்பிக்கை மருத்துவரைக் கடமைப்படுத்தலாம்; சிகிச்சைக்கு விலையாக நோயாளியின் நம்பிக்கையைக் கேட்கலாகாது.