அன்னாளின் உதடுகள்

வேதாகமத்தில், சீலோ ஆலயத்தில் அன்னாள் அழுது ஜெபித்தபோது உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் வெளியே கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஆசாரியர் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். பிள்ளையில்லாத ஏக்கம், வீட்டுக்குள்ளேயே சக்களத்தி பெனின்னாளின் ஏச்சு, ஆண்டுதோறும் அதே பண்டிகை, அதே அவமானம். அத்தனையையும் சந்நிதியில் கொட்டியவளுக்கு, ஆராதனை இன்னதென்று அறிந்திருக்க வேண்டியவரிடமிருந்து கிடைத்தது ஒரு கண்டிப்பு.

இன்று அப்படி யாரும் கண்டிப்பதில்லை. கணவனை அடக்கம் செய்துவிட்டு அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வரும் பெண்ணிடம், "கர்த்தருடைய சித்தம்மா, எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்கிறார்கள். கீபோர்டு முழங்க, கைகள் உயர்கின்றன. அவள் கையும் உயர்ந்தால் நல்ல சாட்சி. உயராவிட்டால் விசுவாசக் குறைவு. இருதயம் நொறுங்கிக் கிடப்பவர் முழு இருதயத்தோடு துதிக்க முடியுமா? துதித்தால் அது பக்தியா, பாசாங்கா?

பாசாங்கு என்று எளிதில் தள்ளிவிட முடியாது. ஜெர்மனியில் முப்பதாண்டுப் போரின்போது அய்லன்பர்க் நகரில் ஊழியம் செய்தவர் மார்ட்டின் ரிங்கார்ட். 1637ல் கொள்ளைநோய் பரவியபோது மற்றப் போதகர்கள் இல்லாத நிலையில் அவர் ஆயிரக்கணக்கானோரை அடக்கம் செய்தார். அவர்களில் ஒருவர் அவருடைய மனைவி. உலகமெங்கும் பாடப்படும் புகழ்பெற்ற நன்றிப் பாடல் ஒன்றை எழுதியவரும் அவரே. கல்லறை ஓரத்தில் எழுதியது போலப் பிரசங்கங்களில் சொல்வார்கள். உண்மையில் அது வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொல்ல எழுதிய ஜெபம். அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. வாய் நல்ல நாளில் பழகிய சொல், கெட்ட நாளில் மனம் ஒத்துழைக்காதபோதும் கைவிடாது. உணர்வு வரும்வரை காத்திருந்துதான் பாட வேண்டும் என்றால் துக்கவீட்டார் எவரும் பாடவே முடியாது. சபையார் பாட, நடுவே சும்மா நிற்பவரும் ஆராதிப்பவரே.

ஆனால் ரிங்கார்ட்டை யாரும் நன்றி சொல்லச் சொல்லி நெருக்கவில்லை. விஷயம் இங்கேதான் இருக்கிறது. தன் துக்கத்திலிருந்து ஒருவர் தானே எடுத்து வைக்கும் துதி காணிக்கை. அதையே இன்னொருவர் கேட்டு வாங்கினால் வரி. யோபின் கதை இதைக் கூர்மையாகக் காட்டுகிறது. பத்துப் பிள்ளைகளை இழந்த நாளில் அவர் தரையில் விழுந்து பணிந்தார். அந்த முதல் அதிகாரத்தோடு பிரசங்கத்தை முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மூன்றாம் அதிகாரத்தில் அவர் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். பிறகு அதிகாரம் அதிகாரமாகக் கடவுளோடு வழக்காடுகிறார். நண்பர்கள் மூவரும் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்கள்தான். பேசத் தொடங்கியதும் கடவுளுக்கு வக்கீல்களாகிவிட்டார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அந்த வக்கீல்கள்மேல். முறையிட்ட யோபைப் பற்றியோ, என்னைக் குறித்துச் சரியாகப் பேசியவன் என்கிறார்.

முறையீட்டுக்கு இடம் கொடுத்தால் ஆராதனை புலம்பலாகிவிடாதா என்ற அச்சம் நியாயமானதுதான். தன் துயரத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத ஜெபமும் உண்டு. ஆனாலும் நம்பிக்கை அற்றுப்போனவர் கடவுளோடு சண்டை போடமாட்டார், எழுந்து போய்விடுவார். சண்டை போடுபவர் இன்னும் அந்தப் பக்கம் திரும்பித்தான் நிற்கிறார். முழு இருதயம் என்றால் அதிலுள்ள கசப்பும் சேர்ந்ததே முழுமை. கசப்பை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லும் சபை, அரை இருதயத்தைத்தான் கேட்கிறது. சிலுவையில் தொங்கிய இயேசுவே துதிச் சங்கீதத்தை அல்ல, கைவிடப்பட்டவனின் சங்கீதத்தைத்தான் கூவினார்.

ஏலி தன் தவற்றை உணர்ந்து அன்னாளைச் சமாதானத்தோடு போகச் சொன்னார். அவள் போய்ச் சாப்பிட்டாள், முகம் தெளிந்திருந்தது. பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. எல்லாருக்கும் அந்தத் தெளிவும் வாய்ப்பதில்லை. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள். பெரும்பாலானவை எப்படியோ நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதமோ திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. தொகுத்தவர்கள் அதை அப்படியே விட்டுவைத்தார்கள். ஆறுதலுக்கென்று இன்னொரு வரி சேர்க்கவில்லை.