பித்தனுக்கும் ஒரு வீடு



தடுத்தாட்கொண்ட புராணத்தை நாம் பிள்ளைப் பருவம் முதலே கேட்டு வருகிறோம். புத்தூரிலே நம்பியாரூரருக்குத் திருமணம் நடக்க இருந்த வேளையில் கிழவேதியர் ஒருவர் பந்தலுக்குள் புகுந்து, மணமகன் தமக்கு அடிமை என்று வழக்கிட்டார். நம்பியாரூரர் அவரைப் பித்தர் என்று ஏசினார். ஓலையைப் பறித்துக் கிழித்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போயிற்று. மூல ஓலை வெளிவந்தது, கிழவர் வென்றார். ஏசிய சொல்லையே முதற்சொல்லாக வைத்துப் பாடும்படி இறைவன் பணித்ததும் நாம் அறிந்ததே.

இதற்கிடையே ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. கதை கேட்கும்போது அதனை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். தீர்ப்புச் சொன்ன பெரியோர்கள் கிழவரை நோக்கி, "இவ்வூரவர் என்றீரே, உமது வீடு எது? காட்டும்" என்று கேட்டார்கள். அவர் முன்னே நடந்தார், எல்லோரும் பின்தொடர்ந்தார்கள். அவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் புகுந்து மறைந்தார். பித்தர் என்று ஏசப்பட்டவருக்கும் காட்டுவதற்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டைத்தான் நாம் கோயில் என்று வணங்குகிறோம்.

அதே கேள்விக்கு விடை சொல்ல இயலாத மனிதர்களைப் பற்றியே இம்முறை சிந்திப்போம். மனநோயுற்று, வீட்டை இழந்து, வீதியிலும் பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் காலம் கழிப்போரைச் சொல்கிறோம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளை யாழ்ப்பாணத்தார் விசரன் என்றார்கள். யோகர் சுவாமிகளோ அவரிடமே தம் குருவைக் கண்டார். இத்தகைய வரலாறுகளைக் கேட்டு வளர்ந்த நாம், திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் அழுக்குடையோடு அமர்ந்திருப்பவரைக் கண்டால், "யாரோ சித்தர்" என்று கும்பிட்டுவிட்டு நகர்கிறோம். ஞானியின் நிலை வேறு. நோயாளியின் துன்பம் வேறு. பசியும் காய்ச்சலும் அச்சமுமாக இருப்பவரைச் சித்தர் என்று சொல்லிவிட்டுப் போவது பக்தி ஆகாது. அதுவும் கைவிடுதலின் ஒரு வகையே.

நம் கோயில்கள் இவர்களை மறந்தவை அல்ல. திருச்சிராப்பள்ளிக்கு அருகே குணசீலத்தில், மனம் கலங்கியோர் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கிப் பெருமாளை வழிபடும் வழக்கம் இன்றும் உண்டு. தமிழ்நாட்டிலுள்ள முத்துசுவாமி கோயில் ஒன்றில் இவ்வாறு தங்கியிருந்த 31 பேரை மருத்துவ ஆராய்ச்சியாளர் கவனித்து, 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே தனிச் சடங்கு எதுவும் இல்லை. நோயாளிகள் காலைப் பூசையில் கலந்துகொண்டார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுதல் போன்ற சிறு பணிகளைச் செய்தார்கள். சராசரியாக ஆறு வாரங்கள் தங்கியவர்களிடம் நோயின் கடுமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

நன்று. ஆனால் 49ஆம் நாள் அவர் எங்கே போவார்? உறவினர் வந்து அழைத்துச் சென்றால் வீடு உண்டு. வராவிட்டால்?

வராவிட்டால் என்ன நேரும் என்பதை 2001ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி நாம் கண்டோம். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தோர் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அதை ஒரு மதத்தின் குறையாகவோ ஒரு தலத்தின் குறையாகவோ பேசுவது தகாது. எல்லா மதத்துக் குடும்பங்களும் அங்கே தம்மவரை விட்டுச் சென்றன. சங்கிலி அங்கே இருந்தது. அதற்கான பணம் பல ஊர்களிலிருந்து போயிற்று.

இதற்கு மாறான வழி ஒன்றும் தமிழ்நாட்டிலேயே பிறந்தது. 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம் பெண்கள், தெருவில் தவித்த ஒரு பெண்ணுக்குச் சேர்க்க இடம் கிடைக்காத வேதனையில் 'தி பான்யன்' என்னும் அமைப்பைத் தொடங்கினார்கள். ஆலமரம் என்பது அதன் பொருள். வீதியில் வாழ்ந்த மனநோயுற்ற பெண்களுக்கு அவர்கள் அமைத்த இல்லத்தின் பெயர் 'அடைக்கலம்'. அங்கே உணவும் மருந்தும் பெற்றுத் தெளிந்த பலர், தம் ஊரின் பெயரை நினைவுகூர்ந்து குடும்பத்தோடு சேர்ந்தார்கள்.

சிலருக்குச் சேர இடமில்லை. நோய் தணிந்தது, ஆனாலும் ஆண்டுக்கணக்கில் இல்லத்திலேயே இருந்தார்கள். அவர்களுக்காக 2015 வாக்கில் 'ஹோம் அகெய்ன்', அதாவது மீண்டும் வீடு, என்ற முயற்சி தொடங்கியது. ஊருக்குள் சாதாரணத் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். நான்கைந்து பேர் ஒரு குடும்பம்போல் அதில் வாழ்கிறார்கள். உடனிருந்து உதவப் பணியாளர் உண்டு. அவர்களில் பலர் அந்தப் பகுதிப் பெண்களே. மருத்துவரும் மருந்தும் தொடர்கின்றன. மற்றபடி அது வீடுதான். என்ன சமைப்பது என்று அவர்களே முடிவு செய்கிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள், விருப்பமிருந்தால் வேலைக்கும் கோயிலுக்கும் போகிறார்கள். தமிழ்நாட்டோடு கேரளம், அசாம் முதலிய மாநிலங்களுக்கும் இம்முறை பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் இதனை நல்ல முன்மாதிரிகளுள் ஒன்றாகக் குறித்தது.

"முதலில் குணமாகட்டும், பிறகு வீட்டைப் பற்றிப் பேசலாம்" என்பதே நம்மவர் வழக்கம். இது தலைகீழான கணக்கு. கனடாவில் 2009 முதல் 2013 வரை வன்கூவர், வினிப்பெக், ரொறன்ரோ, மொன்றியால், மொங்ரன் ஆகிய ஐந்து நகரங்களில், மனநோயுற்று வீடிழந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு இதனைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு நிபந்தனை விதிக்காமல் முதலில் வீட்டைக் கொடுத்து, பிறகு துணை நின்றார்கள். வழக்கமான உதவிகளை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களே நிலையாக வீட்டில் தங்கினார்கள். பூட்டக்கூடிய ஒரு கதவும், மருந்தை வைக்க ஓர் அலமாரியும், இரவில் அஞ்சாது உறங்க ஓர் இடமும் இல்லாதவருக்கு வைத்தியம் எப்படிப் பிடிக்கும்? நம் முன்னோர் மனை, முக்தி இரண்டையும் வீடு என்ற ஒரே சொல்லால் குறித்தார்கள். முன்னதை மறுத்துவிட்டுப் பின்னதைப் பற்றி அவருக்கு நாம் உபதேசிக்க முடியுமா?

இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. இங்கே ஃபஹாஹீலில், தொழிலாளர் பலருக்கு வேலை, இக்காமா, படுக்கை மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. மனம் தளர்ந்து வேலை போனால், மற்ற இரண்டும் கூடவே போகும். அப்போது நாம் கூடிப் பணம் திரட்டிப் பயணச்சீட்டு எடுத்து அனுப்புகிறோம், நல்ல காரியம்தான். ஆயினும் விமான நிலையத்தோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? அங்கே இறங்கியவருக்கும் ஒரு 49ஆம் நாள் உண்டு. நம்மில் ஈழத்திலிருந்து வந்தோர், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்து, தென்மராட்சியின் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் படுத்ததை மறந்திருக்க மாட்டோம். மண்டபம் நம்மைக் காத்தது. ஆனாலும் மண்டபம் வீடாகாது என்பதை அந்த இரவுகளில் கற்றோம்.

ஆகவே மூன்று செய்திகளை நம் குடும்பங்களின் சிந்தனைக்கு வைக்கிறோம்.

ஒன்று: ஊரிலுள்ள உறவினருக்காக ஏதேனும் காப்பகத்துக்கு மாதந்தோறும் பணம் அனுப்புவோர், ரசீதோடு நின்றுவிடாது விசாரிக்க வேண்டும். அது முறையாகப் பதிவு பெற்றதா? மருத்துவர் வருகிறாரா? அவர் தொலைபேசியில் நம்மோடு தனியாகப் பேச முடிகிறதா? எவரையும் எவ்வகையிலும் சங்கிலியிடுவதை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. சமூகத்தின் நடுவே வாழும் உரிமையையும் அச்சட்டம் அவருக்கு அளிக்கிறது.

இரண்டு: விடுமுறையில் ஊர் போகும்போது அவரைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். திருமணப் பேச்சு வரும்போது அவர் பெயரை மறைக்காதீர்கள்.

மூன்று: இங்கே வியர்வை சிந்தி ஊரில் வீடு கட்டியிருக்கிறோம். அவற்றுள் பல பூட்டிக் கிடக்கின்றன; ஆண்டுக்கொரு முறை திறந்து தூசி தட்டுகிறோம். நல்ல அமைப்பு ஒன்று, இத்தகைய நான்கு பெண்களுக்காக அந்த வீட்டை வாடகைக்குக் கேட்டு வந்தால், "அயலவர் என்ன சொல்வார்களோ" என்று மறுத்துவிடாதீர்கள். அவர்கள் கேட்பது இலவசம் அன்று, வாடகை தருவார்கள். அயலவர் தயங்கினால், வீட்டுக்காரர் என்ற முறையில் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். அந்த வார்த்தை ஒரு பெரிய தானம்.

திருவெண்ணெய்நல்லூர்ப் பெரியோர் கேட்ட கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது. வீதியில் இருப்பவரிடம் "உமது வீடு எது?" என்று கேட்டால், "இதோ, இந்தத் தெருவில்" என்று அவர் கைகாட்டும் நிலை வர வேண்டும். அந்தத் தெரு நம் தெருவாக இருக்கட்டும். பித்தன் என்ற பெயரை விரும்பி ஏற்ற பெருமான், அதற்கான மனத்தை நம் எல்லோருக்கும் அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.