பிள்ளையின் முதற் கவளமும் வியாபாரியின் பொறுப்பும்



பால்குடிப் பிள்ளைக்கு எந்த மாதத்தில் சோறு ஊட்டுவது, எதில் ஊற்றித் தண்ணீர் புகட்டுவது என்பதெல்லாம் வீட்டுப் பெண்கள் பேசிக்கொள்ளும் விஷயம். கடையில் தராசு பிடிப்பவனுக்கு அதில் என்ன வேலை என்று நம்மவர் கேட்கலாம். நாமும் வெகுகாலம் அப்படியே எண்ணியிருந்தோம். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர நமக்கு வேறு கல்வி இல்லை. பிரிக்பீல்ட்ஸில் மளிகைக் கடை நடத்துவதும், இரவில் கடையடைத்துக் கிள்ளானுக்கு வீடு திரும்புவதுமே நமது உலகம். ஆனால் கடைக்கு வந்த ஒரு தாயின் கேள்வி, வியாபாரத்தில் எது நியாயம், எது அநியாயம் என்ற பெரிய விசாரணையில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அதை மறைக்காமல் எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பக்கத்து அடுக்குமாடி வீட்டிலிருந்து ஓர் இளம் தாய் வாரத்திற்கு இரண்டு முறை வருவார். இடுப்பில் ஐந்து மாதப் பிள்ளை. வாங்குவது சீனி சேர்த்த டின் பால். ஒருநாள் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணே, பிள்ளைக்கு இது ஒத்துக்குமா?” என்று கேட்டார். கடையில் கூட்டம். நாம் சில்லறையை எண்ணியபடியே, “எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க தங்கச்சி” என்று சொல்லி அனுப்பினோம்.

சொன்னது பொய்யன்று. எல்லாரும் வாங்கினார்கள், தேத்தண்ணிக்கு வாங்கினார்கள். அவர் கேட்டதோ பிள்ளையைப் பற்றி. உண்மையான ஒரு வார்த்தையைக் கொண்டே ஒரு தாயை நாம் வழிதவறச் செய்தோம்.

மூன்று மாதம் சென்றது. தாய் சேய் நல நிலையத்தில் பிள்ளையை நிறுத்துப் பார்த்த தாதி, எடை ஏறவில்லை என்று கண்டு, என்ன கொடுக்கிறீர்கள் என்று விசாரித்திருக்கிறார். வெந்நீரில் இரண்டு கரண்டி டின் பாலைக் கலந்து புட்டியில் கொடுத்ததைத் தவிர வேறு ஆகாரமே இல்லை. மறுநாள் அந்தத் தாய் நமது கடைக்கே வந்தார். “நொய்யரிசி ஒரு கிலோ, பாசிப்பருப்பு அரைக் கிலோ கொடுங்கண்ணே. நர்ஸ் கஞ்சி கொடுக்கச் சொன்னாங்க” என்றார். நம்மை ஒரு சொல் குறைகூறவில்லை. குறைகூறியிருந்தால் நாமும் ஏதாவது பதில் பேசித் தப்பியிருப்போம். அன்றிரவு கணக்கு எழுதும்போது, அந்த டின்களில் நமக்குக் கிடைத்த லாபத்தைக் கூட்டிப் பார்த்தோம். ஒருவர் ஒரு வேளை சாப்பிடவும் காணாத தொகை அது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிற்பாடு தேறிவிட்டது.

இது நம்மோடு தொடங்கிய பிழையன்று. மலாயாவும் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த காலத்திலேயே இதைக் கண்டு பதறிய ஒரு பெண் மருத்துவர் உண்டு. அவர் பெயர் சிஸிலி வில்லியம்ஸ். முதலில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில், அஃதாவது இன்றைய கானாவில், பணியாற்றினார். அங்கே அடுத்த பிள்ளை பிறந்ததும் தாய்ப்பாலை இழந்து, வெறும் சோளக் கஞ்சியில் விடப்பட்ட குழந்தைகள் உடல் வீங்கி மடிவதைக் கண்டார். அந்நோய்க்கு அவ்வூர் மக்கள் வைத்திருந்த ‘குவாஷியோர்கர்’ என்ற பெயரையே மருத்துவ உலகுக்கும் எடுத்துச் சொன்னார். புதிய பிள்ளையால் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். பின்னர் 1936-ல் அவர் மலாயாவுக்கு அனுப்பப்பட்டார். இங்கே தாய்மார் பாலூட்டுவதை நிறுத்திவிட்டுச் சீனி சேர்த்த டின் பாலைப் புகட்டுவதையும், தாதியரைப் போல் உடையணிந்த பெண்களைக் கம்பெனிகள் வீடுவீடாக அனுப்பி அதைப் புகழச் செய்ததையும் பார்த்தார். 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசும்போது, தம் பேச்சுக்கு ‘பாலும் கொலையும்’ என்றே தலைப்பிட்டார். தவறான உணவை ஊட்டச் சொல்லிப் பிரசாரம் செய்வதால் நேரும் மரணங்களைக் கொலையாகவே கருத வேண்டும் என்று வியாபாரப் பெருமக்களின் முகத்துக்கு நேரே சொன்னார்.

கொலை என்பது கடுமையான சொல்தான். ஆயினும் டின்னுக்குள் இருப்பதைப் பாருங்கள். ஏறத்தாழப் பாதி சர்க்கரை. குடிக்கத்தக்க இனிப்புக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கினால் பிள்ளையின் சதைக்கும் எலும்பிற்கும் வேண்டிய சத்து நீர்த்துப் போகிறது. வயிறு நிறைகிறது, உடல் பட்டினி கிடக்கிறது. அந்த டின்கள் அக்காலத்தில் எவர் கடைகளில் விற்றன? மலாயா முழுவதும் பட்டணத்துச் சந்துகளில் கடை வைத்திருந்தோருள் நம் முன்னோரும் இருந்தார்கள் அன்றோ?

இங்கேதான் சிக்கலான கேள்வி எழுகிறது. சரக்கில் குறை இருந்தால் அதை மறைத்து விற்கலாகாது என்பது நமக்குத் தெரியும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வியாபாரியைக் கேட்டதும், மோசடி செய்பவரைத் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்ததும் மதரஸாவில் நாம் ஓதியவையே. ஆனால் டின் பாலில் ஈரம் இல்லை, புழு இல்லை, எடையில் குறைவில்லை. தேத்தண்ணிக்கு அது நல்ல சரக்கு. குறை சரக்கில் இல்லை; அதைச் சேரும் வயிற்றில் இருக்கிறது. அப்படியானால் விற்பவனுக்கு என்ன பொறுப்பு? கேட்டதைக் கொடுத்தோம், காசை வாங்கினோம், அத்தோடு தீர்ந்ததா?

தீரவில்லை என்பதே நமது முடிவு. பெரியவர் ஒருவர் தமக்காக ஒன்றை வாங்கினால் அதன் நன்மை தீமை அவரைச் சாரும். பிள்ளைக்கு வாங்கும்போதோ உண்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். உண்பவருக்கு வாயுண்டு, பேச்சில்லை, பசியுண்டு, பணமில்லை. அவர் நமது கடைக்கு வந்து சரக்கைத் திருப்பிக் கொடுக்கவும் மாட்டார். பேச முடியாதவருக்காகத் தெரிந்தவர் பேசியாக வேண்டும். நமக்குத் தெரிந்திருந்தும் வாய் திறவாமல் இருப்பது, நனைந்த தானியத்தை அடியில் வைப்பதற்குச் சமமே.

உலகமும் இந்த முடிவுக்கே மெல்ல வந்தது. தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கப்படும் உணவுகளை எப்படி விற்கலாம், எப்படி விற்கலாகாது என்று நமது நாட்டில் 1979-லேயே ஒரு நெறிமுறை ஏற்பட்டது. 1981 மே மாதத்தில் உலக சுகாதார மாநாடு அனைத்துலக நெறிமுறையை நிறைவேற்றியது. 118 நாடுகள் ஆதரித்தன, ஒரே நாடு எதிர்த்தது, அது அமெரிக்கா. இதற்காகப் பாடுபட்டவர்களுள் முன்னணியில் நின்ற அன்வர் ஃபஸால் நமது நாட்டவர். தாய்ப்பாலுக்காக 1991-ல் அமைந்த உலகக் கூட்டமைப்பின் தலைமையகமும் நமது பினாங்கில்தான் இருக்கிறது.

நிற்க. பாலை மறக்கடித்துச் சோறு பழக்கும் விஷயத்தில் நமது மார்க்கம் என்ன சொல்கிறது? திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 233-ஆம் வசனம் இதைப் பேசுகிறது. நிறைவாகப் பாலூட்ட விரும்புவோருக்குத் தவணை இரண்டு முழு ஆண்டுகள். தாய்க்கு உணவும் உடையும் அளிப்பது தந்தையின் கடமை. அதற்கு முன்பே பாலை நிறுத்த நாடினால், இருவரும் மனமொத்து, கலந்தாலோசித்துச் செய்தால் குற்றமில்லை. இன்னொருத்தியைக் கொண்டு பாலூட்டச் செய்யவும் அனுமதி உண்டு. ஆகவே தாய்ப்பால் கொடுக்க இயலாத பெண்ணைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. மருத்துவர் சொல்லும் பால்மாவை முறைப்படி கொடுப்பதில் பிழையும் இல்லை.

கலந்தாலோசித்து என்ற அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். அரிசி மூட்டை விலை ஐந்து வெள்ளி ஏறினால் பத்துப் பேரைக் கேட்கிறோம். நம் பிள்ளைக்கு முதற் கவளம் எப்போது என்று மனைவியோடு அமர்ந்து பேசியவர் நம்முள் எத்தனை பேர்? நாமும் பேசியதில்லை. மூத்தவனுக்குப் பல் முளைத்ததைக்கூடக் கடையில் தொலைபேசி வாயிலாகவே அறிந்தோம்.

இன்று மருத்துவர்கள் சொல்லும் முறை இதுதான். ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டாம். ஆறு மாதமானதும் பாலோடு ஆகாரமும் தொடங்க வேண்டும். பிறக்கும்போது உடலில் சேமித்த இரும்புச் சத்து அப்போது குறையத் தொடங்குகிறது. கழுத்து நிற்கிறதா, சாய்ந்து உட்கார்கிறதா, நாம் உண்பதை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறதா என்று கவனிக்க வேண்டும். கஞ்சி நீராக இருக்கலாகாது; கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்க வேண்டும். நொய்யும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து மசித்தது, கனிந்த வாழைப்பழம், வேகவைத்த பூசணி, முள் நீக்கிய மீன், முட்டை, ஈரல் எல்லாம் நமது கடையிலும் சந்தையிலும் கிடைப்பவையே. உப்பும் சீனியும் வேண்டாம். முதலில் நாளைக்கு இரண்டு மூன்று வேளை, வேளைக்கு இரண்டு மூன்று கரண்டி. ஒன்பது மாதம் முதல் மூன்று நான்கு வேளை. பாலூட்டுவதையும் இரண்டு வயதுவரை விடவேண்டாம். இன்னொன்று: பிறந்த பிள்ளைக்குத் தஹ்னீக் செய்யும்போது பேரீச்சம்பழத்திற்குப் பதில் தேனைத் தடவும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. ஒரு வயது நிறையுமுன் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, சிசுவின் குடலில் முளைத்து நஞ்சாகும்.

இனிப் பாத்திரத்தின் விஷயம். நமது பாட்டியார் ஊரிலிருந்து கொண்டுவந்த பால் சங்கு ஒன்று கிள்ளான் வீட்டில் இருக்கிறது. மூக்கு நீண்ட சிறு வெள்ளிச் சங்கு. புட்டி வந்தபின் அது அலமாரிக்குள் போயிற்று. புட்டியின் ரப்பரிலும் கழுத்திலும் பாலின் அழுக்கு தங்கும். சங்கையும் வாயகன்ற கோப்பையையும் விரலாலேயே துடைத்துக் கழுவலாம். ஆறு மாதத்திலிருந்தே பிள்ளை கோப்பையில் சிறிது சிறிதாகப் பருகப் பழகும். இனிப்புப் பாலைப் புட்டியில் நிரப்பி வாயில் வைத்தபடியே தூங்க விட்டால், முளைத்த பல் சொத்தையாகும்.

இதில் சுத்தம் மட்டுமன்று, ஒரு நியாயமும் அடங்கியிருக்கிறது. புட்டியை வாயில் திணித்துத் தலையணையை முட்டுக்கொடுத்துவிட்டு வேலை பார்க்கலாம். சங்கைப் பிடித்தவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடியே இருந்தாக வேண்டும். ஒரு மிடறு விழுங்கிய பின்தான் அடுத்தது. முகத்தைத் திருப்பினால் போதும் என்று பொருள். பேச்சில்லாத பிள்ளைக்கும் ஒரு பாஷை உண்டு. காத்திருப்பவருக்கே அது கேட்கும்.

ஆனால் அந்தக் காலத்துச் சங்கெல்லாம் கருணை என்று சொல்வதற்கில்லை. பிள்ளையைக் காலில் கிடத்தி, மூக்கைப் பிடித்து, அதே சங்கால் விளக்கெண்ணெயைத் தொண்டைக்குள் சாய்த்தவர்களையும் கண்டிருக்கிறோம். ஆதலால் நன்மை சங்கிலும் இல்லை, தீமை புட்டியிலும் இல்லை. கொடுக்கும் கை, பெறுகிறவரைக் கவனிக்கிறதா என்பதே கேள்வி. கடைக்காரனின் கையும் அத்தகைய கையே.

கடையை நடத்தவேண்டாமா, வருபவர் ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டிருந்தால் பிழைப்பு என்னாவது என்று ஒரு நண்பர் கேட்டார். ஒவ்வொருவரையும் கேட்கத் தேவையில்லை. கைப்பிள்ளையோடு வந்து டின் பால் எடுப்பவரிடம், “யாருக்கும்மா?” என்ற ஒரே சொல் போதும். நாம் இப்போது அந்த டின்களைப் பால்மா அடுக்கிலிருந்து எடுத்துத் தேயிலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம். விற்பனை குறையவில்லை, குறைந்திருந்தாலும் அப்படியே வைத்திருப்போம்.

இன்னொரு கடமையும் உண்டு. சட்டப்படி பிரசவ விடுமுறை 2023 முதல் 98 நாள். பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டுமே வேண்டிய காலமோ ஆறு மாதம். மிச்ச நாட்களில் நமது கல்லாவில் நிற்கும் பெண் என்ன செய்வாள்? பின்கட்டில் ஒரு திரை, ஒரு நாற்காலி, பால் எடுத்து வைக்க அரைமணி நேரம், குளிர்பெட்டியில் ஓர் இடம். இவற்றைத் தராத முதலாளி தாய்மாருக்கு உபதேசம் செய்யத் தகுதியற்றவர்.

நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குவதை அயலார் பிள்ளைக்கு நிறுத்துக் கொடுக்கும்போது ஒரு கணம் கை நிற்கட்டும். மறுமையில் நமது தராசைப் பற்றி விசாரணை வரும்போது, டின் பாலைப் பற்றிக் கேட்ட தாய்க்கு நாம் சொன்ன பதிலும் அதில் வரும் என்றே அஞ்சுகிறோம். அல்லாஹ் நம்மை மன்னித்து, ஹலாலான ரிஸ்கில் பரக்கத்துச் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.