விளைச்சலைப் பார்க்காதவர்

தீபாவளி முடிந்ததும் சிவகாசிப் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் அடைத்துக் கிடக்கும். ஏறக்குறைய அந்த நாட்களில்தான், கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்புக் காலமான அட்வெந்து வருகிறது. வேலைக்குக் காத்திருப்பவர்களிடமே இன்னும் காத்திருக்கச் சொல்லும் பருவம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்தபின், அந்த அடைப்பு மாதக்கணக்கில் நீண்டது. ‘ஆலை எப்ப தெறக்கும்?’ தேநீர்க்கடையிலும் ஜெபத்திலும் ஒரே கேள்வி.

*

இங்கே ஜெபங்களே ஒன்றோடொன்று முட்டும். மானாவாரிக் கரிசலில் விதைத்தவருக்கு மழை வேண்டும். மருந்தும் திரியும் காயவைப்பவருக்கு வெயில் வேண்டும். இருவரும் ஒரே பெஞ்சில் முழங்கால் போடுகிறார்கள் (ஒரே வீட்டிலும்தான்). பதில் வராத எல்லா ஜெபத்துக்கும் விசுவாசக் குறைவைக் காரணம் காட்டுகிறவர்கள் ஒரு புரட்டாசி மாதம் இங்கே வந்து இருந்து பார்க்கலாம்.

*

இதே மண்ணில் விளைச்சலைப் பார்க்காமல் போனவர் ஒருவர்: தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட். கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஃபெல்லோ, சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரி. 1854-இல் ஃபென், மெடோஸ் என்ற இரு தோழர்களோடு வட திருநெல்வேலியில் கூடாரம் அடித்தார். சிவகாசி அன்று அந்த ஜில்லாவில்தான் இருந்தது. தீப்பெட்டித் தொழில் வர இன்னும் எழுபது வருடம் கிடந்தது. கூடாரத்தைப் பிரித்து, அடுத்த ஊரில் அடித்து, பேசி, மறுபடி பிரித்து. நான்கு வருடம் இப்படியே. கண்ணால் கண்ட பலன் சொற்பம். உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியிலேயே இறந்தார். வயது 43.

*

அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இயேசு சொன்ன, நிலத்தில் விழுந்து செத்துப் பலன் கொடுக்கும் கோதுமை மணி வந்துவிடும். பின்னால் எழும்பிய சபைகளையும் பள்ளிகளையும் காட்டுவோம். அந்தக் கணக்கு நம் கையில் இருக்கிறது, அவர் கையில் இல்லை. அவரிடம் இருந்தது மறுநாள் போகவேண்டிய ஊரின் பெயர் மட்டும். அதை வைத்தே புறப்பட்டதை விசுவாசம் என்று சொல்ல அறுவடை வரை போகத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடிவிபத்து. 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வீடுகளில் எந்த விளைச்சலைக் காட்டுவது?

*

13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். ‘எதுவரைக்கும்’ என்று தாவீது நான்கு தடவை கேட்கிறான். பதில் அதற்குள் இல்லை. ஆனாலும் பாடி முடிக்கிறான். துக்க வீட்டில் வாசிக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். கோதுமை மணியை அங்கே கொண்டுபோக மாட்டேன்.