எறும்பின் கடியும் வினைமுதலும்

ஒரு வினை நிகழ்ந்தவழி அதற்கு வினைமுதல் யாதென வினவுதல் இலக்கண நூலார்க்கும் சமய நூலார்க்கும் ஒப்பவுரிய வழக்காம். அரசன் கோயில் எடுத்தான் என்புழி அவன் ஏவுதற் கருத்தா; சிற்பி எடுத்தான் என்புழி அவன் இயற்றுதற் கருத்தா. இவ்விரண்டினும் அடங்காத வினையும் உண்டுகொல் என ஐயுறவைக்கும் சிற்றுயிரொன்றன் செய்தியை ஈண்டு ஆராய்வாம்.

தாய்லாந்து நாட்டு மழைக்காடுகளில் உயர்ந்த மரக்கிளைகளில் வாழும் தச்செறும்பினம் ஒன்றுண்டு. ஓபியோகார்டிசெப்சு என்னும் பூசணத்தின் நுண்வித்து அதன் மேற்றோலைத் துளைத்து உட்புகும். சின்னாளில் எறும்பு நடுங்கித் தள்ளாடிக் கீழே விழும். தன் கூட்டத்தை நாடாது, நிலத்தினின்று ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரத்தே, ஈரமிக்க இடத்தில், ஓரிலையின் அடிப்புற நரம்பை நண்பகலையொட்டிக் கவ்வும். கவ்விய வாய் பின்னர்த் திறவாது. எறும்பு இறந்தபின் அதன் பிடரியினின்று பூசணத்தண்டு எழுந்து வித்துக்களை உதிர்க்கும். செருமனி நாட்டு மெசல் என்னுமிடத்துக் கிடைத்த, 4 கோடியே 80 இலட்சம் ஆண்டு மூத்த இலைப்படிவொன்றில் இத்தகைய கடிவடு உளதென 2010-இல் அறிவித்தனர்.

இக்கடி யாருடைய வினை? கடித்தது எறும்பின் வாயே, பயன் எறும்பிற்கில்லை. பூசணம் ஏவிற்றெனின், அதனை ஓரறிவுயிரெனக் கொள்ளினும் ஏவுமறிவு அதற்குண்டெனல் சாலாது. உலகாயதரோ, மூளையைப் பற்றவே விருப்பமும் மாறிற்று, ஆகலின் மூளைக்கு வேறாய உயிரில்லை என்பர். இதனோடொத்த ஓரெறும்பினத்தை 2017-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நுணுகி நோக்கியவழி, பூசணம் உடலெங்கும் பரந்து தசைநார்களை வலைபோற் சூழ்ந்திருந்தும் மூளைக்குட் புக்கிலது. இதுகேட்டு உலகாயதர் வீழ்ந்தனரென நம்மவருட் சிலர் களிகூர்வர். யாம் உடன்படேம்; புறத்தே நின்று இரசாயனப் பொருள்களால் மூளையைத் திரித்தலுங் கூடுமென அவ்வாராய்ச்சியாளரே கருதுகின்றனர். பிறர் கூற்றிற் பாதியைக்கொண்டு வாதஞ்செய்தல் நமக்கு அழகன்று. பெறப்படுவது இத்துணையே: கருவி பிறிதொன்றன் வயப்பட்டவிடத்து, எழுவாயாய் நிற்பதனையே வினைமுதலெனத் துணிதல் ஆகாது.

அற்றேல், கள்ளுண்டு பிறரை வைதானும் குற்றமிலனாவனோ எனின், ஆகான். கள்ளினை அவன் தானே நாடிக்கொண்டான். எறும்பு அவ்வித்தினை நாடிச் சென்றதன்று.

முப்பதாண்டின்முன் எம்மிடம் பாடங்கேட்ட மாணாக்கனொருவன் எழுத்து நாளடைவிற் சிதைந்தது. வினவியபொழுது, "கை எழுத மறுக்கின்றது, ஐயா" என்றனன். கைக்கு மறுத்தலென்னும் வினை இல்லை, நீயே எழுவாய் என்று அவன் வாக்கியத்தைத் திருத்தி வெயிலில் நிறுத்தினேம். ஈராண்டின்பின், நரம்புநோயால் அவ்வலக்கை முற்றுஞ் செயலற்றதெனக் கேட்டேம். அவன் கூறிய வாக்கியத்தில் வழுவொன்றுமில்லை.