நிழலுக்குப் பற்றுச்சீட்டு

வீதியோரத்தில் மரம் நடுவதற்கென ஊரவரிடம் பணம் சேர்ப்பது நல்ல காரியம் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. இரண்டாவது கருத்து பிறப்பது, பணம் தராத வீட்டின் கடப்படியில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு போய் நிற்கும்போதுதான். அந்த வீட்டுக்காரரும் நாளை இதே நிழலில்தானே நடக்கப்போகிறார்? கொடுத்தவரும் கொடாதவரும் ஒரே நிழலில் நிற்பது நீதியா? சிறிய கேள்வி போலத் தெரியும். ஆனால் பல ஊர்களில் பல நற்காரியங்கள் இந்தக் கேள்வியிலேதான் கசந்து போகின்றன.

கிழக்குக் கரையோரத்தில் இன்று நாற்பதைத் தாண்டிய எவரைக் கேட்டாலும் சொல்வார்: எமது சிறு வயதில் ஒழுங்கைக்கென்று யாரும் தனியாக மரம் நட்டதில்லை. வேலியே மரமாக இருந்தது. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக ஊன்றப்பட்டு, தளிர்த்து நின்றன. வளவுக்குள் நின்ற வேம்பும் மாவும் வெளியே கிளை நீட்டின. 1978 நவம்பரில் மட்டக்களப்புக் கரையை அடித்த சூறாவளி தென்னைகளைச் சாய்த்தது என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து கரையோரத்தை வழித்துக்கொண்டு போனதை நாமே கண்டோம். ஆனாலும் இழந்த நிழலின் கணக்கு முழுவதையும் காற்றின் மீதும் கடலின் மீதும் போட்டுவிட முடியாது. வேலி போய் மதில் வந்தது. ஒழுங்கை கொங்கிறீட் ஆனது. மகள்மாருக்கு வீடு கட்டவென்று வளவு துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, மரம் நின்ற இடத்தில் அறை எழும்பியது. இதில் எவரையும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்து கொளுத்தும் நாட்களில், பாடசாலை விட்டுப் போகும் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடுவதைக் காண்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஆகவே இப்போது நிழலை நட வேண்டியிருக்கிறது. நடுவதற்குப் பணம் வேண்டியிருக்கிறது. கன்று பெரிய செலவல்ல. ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாமல் அதைக் காக்கும் கம்பிக்கூடுதான் செலவு. மஹல்லாவில் நாலு இளைஞர்கள் கூடி, 'வீட்டுக்கு ஆயிரம்' என்று தீர்மானிக்கின்றனர். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தகவல் போகிறது. அங்கிருந்து பெரிய தொகைகள் வருகின்றன. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் வாசிக்கப்படுகின்றன. வாசிக்கப்படும் பெயர்களைக் காட்டிலும் வாசிக்கப்படாத பெயர்களையே ஊர் உன்னிப்பாகக் கேட்கிறது. மகளின் கலியாணக் கடனில் கிடப்பவரும், கடல் கொந்தளிப்பினால் தோணியைக் கரையில் ஏற்றி வைத்திருப்பவரும் அடுத்த வெள்ளிக்கு முன் யாரிடமாவது கைமாற்றாக வாங்கி அந்த ஆயிரத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகின்றனர். அவர்கள் கொடுத்தது தர்மமா, தண்டமா?

வசூலிக்கும் இளைஞர்களின் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. எல்லோரும் 'மற்றவன் கொடுப்பான்' என்றிருந்தால் ஒரு கன்றும் நடப்படாது. ஸ்கொட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம், மனித இயல்பு பற்றிய தமது நூலின் 1740இல் வெளிவந்த பகுதியில் இதைத்தான் ஒரு புல்வெளியை வைத்து விளக்கினார். இரு அயலவருக்குப் பொதுவான புல்வெளியில் தேங்கிய நீரை வடித்துவிட அவ்விருவரும் எளிதில் உடன்படுவர். ஒருவன் பின்வாங்கினால் காரியமே கெட்டுவிடும் என்பது இருவருக்கும் தெரியும். அதே வேலையை ஆயிரம் பேர் சேர்ந்து செய்வதென்றால் நடவாது. ஒவ்வொருவனும் தன் சுமையை மற்றவர் தலையில் இறக்கிவிடச் சாட்டுத் தேடுவான். இத்தகைய காரியங்களை அரசு எடுத்துச் செய்யவேண்டும் என்பது ஹியூமின் முடிவு. எமது ஊர்களில் அரசின் கை எட்டாத இடத்தில் ஒலிபெருக்கியின் வாய் எட்டுகிறது.

ஆனால் வீதி மரம் ஹியூமின் புல்வெளி போன்றதல்ல. நாற்பது கன்று நட நாற்பது வீடும் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பத்து வீடு மனமுவந்து கொடுத்தாலே நட்டுவிடலாம். வேம்பின் கீழ் கொடாதவர் ஒருவர் வந்து நிற்பதால் கொடுத்தவரின் நிழல் குறைந்தும் போவதில்லை. அப்படியானால் கொடுத்தவர் எதை இழந்தார் என்று கோபப்படுகிறார்? ஒன்பதாம் தர வகுப்பில் இதைக் கேட்டுப் பார்த்தேன். 'காசு தராத ஆள் நிழலில் இருந்தால் எழுப்பலாமா?' என்று. ஒரு மாணவன் யோசியாமல் 'எழுப்பணும் சேர்' என்றான். பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: 'அப்ப காகத்தையும் கலைக்கணுமா?' வகுப்பு சிரித்தது. நானும்தான்.

சிரித்தாலும் அந்தப் பையனின் கேள்விக்குள் எமது மார்க்கம் சொல்லும் ஒன்று இருந்தது. மரம் நட்டவருக்கு, அதிலிருந்து மனிதரும் பறவையும் விலங்கும் உண்பதெல்லாம் தர்மமாக எழுதப்படும் என்ற நபிமொழியை அறியாதவர் எம்மில் இல்லை. மீலாத் விழாப் பேச்சுப்போட்டிகளில் அதைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. ஆனால் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அறிவிப்பொன்றில் இன்னொரு சங்கதியும் உண்டு: அதிலிருந்து களவாடப்படுவதும் நட்டவருக்குத் தர்மம்தான். களவே தர்மக் கணக்கில் ஏறுமென்றால், ஆயிரம் ரூபாய் கொடாமல் வந்து நிழலில் ஒதுங்குபவரை எந்தக் கணக்கில் நட்டமாக எழுதுவது? பொருளியல் பார்வையில் அவர் பிறர் செலவில் பயனடைபவர். நட்டவரின் பார்வையில் அவர் வரவு. அல்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் தர்மத்தை வெளிப்படையாகக் கொடுப்பதும் நன்று என்கிறது. எனவே ஒலிபெருக்கிக்காரர்கள் அதைக் காட்டி வாதாடலாம். மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிட மேலானது என்பதும், சொல்லிக்காட்டியும் நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாம் என்பதும் அதே அத்தியாயத்தில்தான் இருக்கின்றன. கொடாதவரை ஊர் முன்னால் நிறுத்துவது, கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதன் மறுபக்கமே.

கம்பிக்கூட்டில் தகரப் பலகை கட்டி நன்கொடையாளரின் பெயர் எழுதுவதைப் பற்றி எனக்குப் பெரிய சண்டை இல்லை. மௌத்தான உம்மா வாப்பாவின் பெயரை எழுத ஆசைப்படுவது மனித இயல்பு. பலகை கன்றைவிடப் பெரிதாக இருந்தால்தான் வெயில் எங்கே விழுகிறதென்று யோசிக்கத் தோன்றுகிறது.

பணத்தை விட்டுவிடுவோம். மரத்துக்கு உண்மையில் தேவைப்படுவது தண்ணீர். முதல் இரண்டு மூன்று கோடையும் அது தப்பிவிட்டால் பிறகு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரை ஊற்றுபவர் யார்? பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் ஆண்களின் பெயர். அஸருக்குப் பின் வாளியோடு வெளியே வருவது வீட்டுப் பெண். எங்கள் பகுதியில் பன்பாய் இழைத்துச் சீவிக்கும் ஒரு தாய், 'காசு இல்ல மகன், நாலு கண்டுக்குத் தண்ணி ஊத்துறன்' என்று வசூலுக்குப் போனவர்களிடம் சொன்னார். அவர்களுக்கு அதைப் புத்தகத்தில் எங்கே எழுதுவதென்று தெரியவில்லை. நாலு கன்றுக்கு மூன்று கோடை என்றால் எத்தனை வாளி என்று யாராவது கணக்குப் பார்த்தால், அந்த மஹல்லாவின் பெரிய நன்கொடை எதுவென்று தெரிந்திருக்கும். அவர் பெயரும் வாசிக்கப்படாத பெயர்களுள் ஒன்று.

இன்னொருவர் வேறு விதமாக மறுத்தார். பணம் இருக்கிறது, தரலாம். ஆனால் தன் மதிலோரத்தில் மரம் வேண்டாம் என்றார். 'பத்து வருசத்தில வேர் வந்து மதிலப் பொளந்தா, அண்டைக்கு உங்கட குழு இருக்குமா?' குழுவினர் அவரைக் கஞ்சர் என்றனர். எனக்கென்னவோ, அந்த வசூல் முழுவதிலும் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அதுதான் என்று படுகிறது. நிழல் வீதியில் போகும் எல்லோருக்கும் விழுகிறது. வேரும் சருகும் அடைபட்ட வடிகானும் ஒரு வீட்டுக்கே விழுகின்றன. பயனைப் பொதுவாக்கி, பாரத்தைத் தனியாக்குவதற்கு அந்த வீட்டாரின் சம்மதம் வேண்டாமா?

இந்தக் கேள்வியை எம்மைவிட வசதியான ஊர்களும் கேட்டுத் தடுமாறியிருக்கின்றன. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1981இல், வீதி மரங்களுக்கான நகர நிர்வாகத்தின் பணம் வெட்டப்பட்ட வேளையில், நகர் வன நண்பர்கள் என்ற பொருள்படும் பெயரோடு ஓர் அமைப்புத் தோன்றியது. அயலவர்கள் ஒன்றுசேர்ந்து, செலவில் ஒரு பங்கைத் தாங்களே போட்டு, விடுமுறை நாளில் தங்கள் தெருவில் தாங்களே குழி தோண்டி நட்டனர். அழகான ஏற்பாடு. ஆனால் அங்கு பெரும்பாலான வீதி மரங்களின் பராமரிப்பு, எதிரே இருக்கும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பாக இருந்தது. பணமுடை வந்தபோது, நகரம் தான் பார்த்துவந்த மரங்களையும் வீட்டுக்காரர் தலையில் கட்டத் தொடங்கியது. வேர் கிளப்பிய நடைபாதையைத் திருத்துவதும் அவர்கள் பாடு. மரம் என்றாலே பயப்படும் நிலை வந்தது. இறுதியில் 2016 நவம்பரில் மக்களே வாக்களித்து, முக்கால்வாசிக்கு மேற்பட்டோரின் ஆதரவுடன் அந்தப் பொறுப்பை நகரத்திடம் ஒப்படைத்தனர். அதற்கென வருடத்துக்கு 19 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. நடுவதற்கு நண்பர்கள் போதும். முப்பது வருடம் பார்ப்பதற்கு நண்பர்கள் போதாது.

எமது நாட்டிலும் உதாரணம் தூரத்தில் இல்லை. கொழும்பின் பழைய வீதிகளில் குடை விரித்து நிற்கும் மாரா மரங்கள், தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து காலனித்துவ காலத்தில் கொண்டுவரப்பட்ட இனம். அவற்றை நட்டவர் எவரும் இன்றில்லை. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி காலை, மழைக்கிடையே கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மீது பெரிய மரமொன்று விழுந்து ஐவர் மாண்டனர். மரம் நடுவது நன்மை என்று சொல்லும்போது, முதிர்ந்த மரத்தைச் சோதித்து, வேண்டுமானால் வெட்டுவதும் அந்த நன்மையின் மீதிப் பாதி என்று சொல்ல எமது மேடைகள் மறந்துவிடுகின்றன.

எனவே சேர்ந்த பணம் முழுவதையும் கன்றுக்கும் கூட்டுக்கும் திறப்பு விழாவுக்கும் செலவழிப்பதை நான் ஏற்கவில்லை. மூன்றில் ஒரு பங்காவது ஒதுக்கி வைக்கப்பட வேண்டும். எவருடைய மதில் வெடித்தாலும், எவருடைய கூரை மீது கிளை முறிந்தாலும், இந்தப் பணத்திலிருந்து திருத்தித் தரப்படும் என்று தாளில் எழுதி, அத்தாளின் பிரதி அந்தந்த வீட்டாரிடம் இருக்க வேண்டும். குழு கலைந்தாலும் பள்ளிவாசல் நிர்வாகம் கலையாது; பணமும் பதிவும் அங்கேயே இருக்கட்டும். மின்கம்பிக்குக் கீழே உயர்ந்து வளரும் இனங்களை நடாமல் விட்டாலே பாதி வழக்குக் குறையும். மறுத்தவருக்குக் காட்டவேண்டிய பற்றுச்சீட்டு இதுதான். அதைக் கண்ட பின்னும் அவர் வேண்டாம் என்றால், அவரது மதிலோரத்தை விட்டு எதிர்ப்புற மூலையில் நடலாம், அங்கே இடமிருக்கிறது.

ஐப்பசி மழைக்கு முன் குழிகள் வெட்டப்பட வேண்டும். அவருடன் இன்னொரு தடவை போய்ப் பேச நாள் இருக்கிறது. இம்முறை பற்றுச்சீட்டுப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகும்படி இளைஞர்களிடம் சொல்லியிருக்கிறேன்.