பேயார் என்றும் அம்மையார் என்றும்

சைவ உலகம் போற்றும் அறுபத்துமூன்று நாயன்மாருள், மெலிந்த உடலைத் தாமே கேட்டுப் பெற்றவர் காரைக்காலம்மையார். காரைக்கால் வணிகர் தலைவன் தனதத்தனின் மகளாய்ப் பிறந்து, பரமதத்தனை மணந்து, மாங்கனி அற்புதத்தின் பின் அக்கணவனாலேயே தெய்வமென்று அஞ்சி விலக்கப்பட்ட புனிதவதியார், அவனுக்காகத் தாங்கிய அழகும் தசையும் இனி வேண்டாவெனச் சிவபெருமானிடம் விண்ணப்பித்தார். தசை உதிர்ந்தது, எலும்பும் நரம்பும் தோலும் எஞ்சின. இவ்வரலாற்றை அடியார்கள் திருவிழாச் சொற்பொழிவுகளிலே பலமுறை கேட்டிருப்பர். அந்த உடலை யார் யார் எந்தச் சொல்லால் அழைத்தனர் என்பதைக் கவனித்தவர் சிலரே.

கி.பி. 6 ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த அம்மையார், தமது பதிகத்திலே தம்மைக் ‘காரைக்கால் பேய்’ என்றே குறித்துக்கொண்டார். பின்வந்த சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் அவரை வணங்கும்போது ‘பேயார்’ என்றார். கூடியது ‘ஆர்’ என்னும் விகுதி ஒன்றுதான். ஆயினும் அடியவர் தம்மைத் தாழ்த்திச் சொன்ன சொல்லை இன்னொருவர் வாயால் சொல்லும்போது, மரியாதை சேர்க்காமல் சொல்லக்கூடாது என்ற கூச்சம் அந்த விகுதியில் இருக்கிறது.

12 ஆம் நூற்றாண்டிலே பெரியபுராணம் பாடிய சேக்கிழார் சுவாமிகள் கயிலைக் காட்சியை விரித்துரைக்கிறார். தலையால் நடந்துவரும் எலும்புருவைக் கண்ட உமாதேவியார், அது யாரென இறைவனை வினவுகின்றார். எம்பெருமான் எலும்பைப் பற்றியோ கோலத்தைப் பற்றியோ பேசவில்லை. தம்மைப் பேணுகின்ற தாய் அவர் என்று உறவைச் சொன்னார். பின்பு அவரை நோக்கி ‘அம்மையே’ என்றழைத்தார். அன்று தொட்டு உலகம் அவரைக் காரைக்காலம்மையார் என்கிறது. பேய் என்று எழுதிக்கொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. அந்த உரிமையைப் பிறர் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று கண்டி நகரிலாயினும், தெல்தோட்டை, கலஹா, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களிலாயினும், கோயில் முன்றிலில் இருவர் சந்தித்தால் முதலில் வருவது என்ன? “என்னா, இப்புடி எளைச்சுப் போயிட்டீங்க? ஊட்டுல சோறு போடுறதில்லையா?” குசலம் விசாரிப்பதாகவே கேட்பவர் எண்ணுகிறார். அன்னதானப் பந்தியிலே மெலிந்த பெண்பிள்ளை இலையில் அமர்ந்தால், “இதுக்கு ரெண்டு கரண்டி கூடப் போடு, காத்துல பறந்துரும்” என்ற பகிடிக்குப் பந்தியே சிரிக்கிறது. அந்தப் பிள்ளையும் கூடச் சிரிக்கிறாள்; மறுமுறை பந்திக்கு வருகிறாளா என்று எவரும் பார்ப்பதில்லை. ஈர்க்குச்சி, ஒல்லிப்பிச்சான், நோஞ்சான், எலும்புக்கூடு, தேவாங்கு என்று பட்டப்பெயர்கள் நீள்கின்றன. (பாவம், நம் காட்டுத் தேவாங்கு யாருக்கு என்ன செய்தது?)

பருத்தவரைக் ‘குண்டு’ என்றால் மனம் புண்படும் என்பது இப்போது பலருக்கும் தெரிந்திருக்கிறது. பிள்ளையாரின் பேழை வயிற்றைக் கண்டு நகைத்த சந்திரன் சாபம் பெற்ற கதை சதுர்த்திதோறும் சொல்லப்படுகிறது. ஒட்டிய வயிற்றைச் சொன்னால் மட்டும் அது அக்கறை என்று கொள்ளப்படுகிறது.

‘உள்ளதைத்தானே சொன்னேன்’ என்பது இதற்கு வழக்கமான பதில். பிறருக்குத் தீங்கு தராத சொல்லையே வாய்மை என்று வரையறுத்த வள்ளுவர் இப்பதிலை ஏற்கமாட்டார். உள்ளதைச் சொன்னோம் என்பவர் உண்மையில் எதைச் சொல்கிறார் என்பதும் ஆராயத்தக்கது. ஒருவர் மெலிந்திருப்பதைக் கண் காணும். ஏன் மெலிந்தார் என்பதைக் கண் காணாது. பிறவி உடல்வாகு, தைரொயிட் கோளாறு, கவனிக்கப்படாத நீரிழிவு, காசநோய், பரீட்சைக் கவலை, வெளியே சொல்லமுடியாத துக்கம் எனக் காரணங்கள் ஆயிரம். பேராதனை வைத்தியசாலைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகச் சென்று வருபவரிடம், “நல்லா மெலிஞ்சு அழகாயிட்டீங்களே” என்று புகழ்ந்தவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் அந்தப் புகழ்ச்சி அவரை என்ன செய்திருக்கும்?

மெலிவைப் பற்றிய பேச்சு மெலிந்தவரோடு நிற்பதுமில்லை. திருக்குறளில் உறுப்புநலனழிதல் என்னும் அதிகாரத்திலே ஒரு தலைவி வருகிறாள். பிரிவால் அவள் தோள் மெலிந்து வளை நெகிழ்கிறது. அதைக் கண்டவர்கள் தலைவனைக் கொடியவன் என்கிறார்கள். தோள் மெலிந்ததைவிட, தன் மெலிவைச் சாட்டாக வைத்து அவரைக் கொடியவர் என்கிறார்களே என்றுதான் அவள் நோகிறாள். ‘ஊட்டுல சோறு போடுறதில்லையா’ என்ற கேள்வியும் அப்படித்தான். காலையில் கொழுந்துக்கூடையோடு மலையேறி, பொழுது சாய லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டுகின்ற தாயின் மேல்தான் அது விழுகிறது. புதிதாக மணமான பெண் தாய்வீடு வரும்போது கேட்டால், மாமியார் வீடே குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது.

அப்படியானால் மெலிவைப் பற்றிப் பேசவே கூடாதா? மலையகத்திலே அப்படிச் சொல்லிவிட முடியாது. 1973, 74 ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. மெலிந்த உடல்கள் வயிற்றுக்காக நகரத் தெருக்களுக்கு வந்தன. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்விலே, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியோர் நாடளாவிய ரீதியில் நூற்றுக்கு 17 பேராகவும், தோட்டப்புறங்களில் 32 பேரளவிலும் காணப்பட்டனர். இந்த நிலையில் ‘அவுங்க பரம்பரையே அப்புடித்தான்’ என்று மென்மையாகச் சொல்லி மூடுவதும் மரியாதை ஆகாது. அது பசியை மறைக்கும் சொல். கேலியைவிட இது கொடியது என்றுகூடச் சொல்லலாம். கேலிக்கு ஆளான பிள்ளை அழும். மறைக்கப்பட்ட பசிக்கு அழக்கூட வழியில்லை.

சொல்ல வேண்டியவர் சொல்லத்தான் வேண்டும். மருத்துவ மாது பிள்ளையைத் தராசிலே வைத்து, பதிவேட்டின் கோட்டைக் காட்டி, ‘நிறை போதாது’ என்று தாயிடம் சொல்கிறார். அங்கே ‘போதாது’ என்பது நிறையைப் பற்றிய பேச்சு. அதையே கிளினிக் வரிசையில் நிற்கும் பத்துப் பேர் கேட்க, ‘இந்த நோஞ்சானைக் கொண்டா’ என்றால் பிள்ளையே குறையாகிவிடுகிறது. இருவரும் பார்த்தது ஒரே பிள்ளையைத்தான்.

தமிழில் இதற்கு நல்ல சொற்கள் இல்லாமலில்லை. ‘மெலிந்தார்’, ‘இளைத்தார்’ என்றால் முன்பிருந்த உடல் குறைந்தது என்ற பொருள் உள்ளே இருக்கிறது. இளைத்தல் என்பதற்குக் களைத்தல், தோற்றல் என்ற பொருள்களும் உண்டு. பிறந்தது முதல் அப்படியே இருப்பவரை ‘மெலிந்துபோனவர்’ என்பது பிழை. ‘ஒல்லியான உடல்வாகு’ என்றால் போதும். நோஞ்சான் என்ற சொல் கேட்ட மாத்திரத்தில் நோயை நினைவூட்டும். ஈர்க்குச்சியும் எலும்புக்கூடும் ஆளைப் பொருளாக்கும். ஊசிக்கடைக்காரர் சட்டைக்கு அளவெடுக்கும்போதும், தொலைந்த பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போதும் உடலைச் சொல்லியே ஆகவேண்டும். அங்கே ‘ஒல்லியான பிள்ளை, நீலச் சட்டை’ என்று சொன்னால் எவரும் நோவதில்லை. தேவையேதும் இல்லாத இடத்தில் பேரைச் சொல்லிக் கூப்பிடலாம். அக்கா, தம்பி, மாமா என்ற உறவு முறைகள் இருக்கவே இருக்கின்றன.

சோழர் தலைநகராய் விளங்கிய பொலன்னறுவையின் சிவாலய இடிபாடுகளிடையே கிடைத்த வெண்கலத் திருமேனிகளுள் காரைக்காலம்மையாரின் உருவமும் ஒன்று. அமர்ந்த கோலம், கையிலே தாளம். வார்த்தெடுத்த ஸ்தபதி எதையும் மறைக்கவில்லை. எலும்பு தெரிகிறது, மார்பு வற்றியிருக்கிறது. அந்தத் திருமுகத்திலோ பாட்டுக்குத் தாளம் போடும் ஒருவரின் மகிழ்ச்சி இருக்கிறது.